குடி பெயர்ந்தால் ஆசனமும் பெயரும்

தேர்தற் காலம் வந்துவிட்டால் வேட்பாளரைப் பற்றிப் பேசாத திண்ணை இல்லை. கட்சிகளைப் பற்றித் தர்க்கம் நிகழாத தேநீர்க் கடை இல்லை. ஆயின், அந்த வேட்பாளர் எந்த நிலத்துக்கு, எத்தனை மக்களுக்குப் பிரதிநிதியாகப் போகின்றார், அந்நிலத்தின் எல்லையை வகுத்தவர் யார், எந்தக் கணக்கைக் கொண்டு வகுத்தார் என்று கேட்பவர் மிகச் சிலரே. வயலைப் பற்றியும் விளைச்சலைப் பற்றியும் பேசி, வரம்பைப் பற்றிப் பேசாது விடுவது போன்றது இது. வரம்பு நகர்ந்தால் விளைச்சலும் கை மாறும் என்பதை உழவர் நன்கறிவர். தேர்தற் றொகுதியின் எல்லையும் அத்தகைய ஒரு வரம்பேயாகும்.

யாழ்ப்பாணத்திலிருந்து மானிப்பாய் வழியாகக் காரைநகர் செல்லும் பெருந்தெருவிலே அமைந்தது சண்டிலிப்பாய். கல்வளைப் பிள்ளையாரும் சீரணி நாகபூஷணி அம்மனும் கோயில் கொண்ட ஊர். நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவரின் கல்வளையந்தாதியால் இலக்கியத்திலும் இடம் பெற்ற ஊர். மாரி காலத்தில் வழுக்கையாற்று நீர் பாயும் வயல்களை உடைய ஊர். வலிகாமம் தென்மேற்குப் பிரதேச செயலகமும் இங்கேதான் இருக்கின்றது. இன்று இவ்வூரிலும் இதன் அயலூர்களிலும் பல குடும்பங்களுக்கு இரண்டு முகவரிகள் உண்டு. ஒன்று வலிகாமத்தில், மற்றையது கடல் கடந்த நாடொன்றில். அந்த இரண்டாவது முகவரி கனடாவில் இருப்பின், அது ரொறன்ரோ நகரின் கிழக்குப் புறமான ஸ்காபரோவாக இருப்பது பெருவழக்கு.

எனவே, ஒரே குடும்பத்தின் ஒரு பாதி இங்கே ஒரு தொகுதியின் கணக்கிலும், மறு பாதி அங்கே ஒரு தொகுதியின் கணக்கிலும் சேர்கின்றது. இங்கே குறைந்தது எவ்வளவு, அங்கே கூடியது எவ்வளவு, அதனால் பாராளுமன்றங்களில் நிகழ்ந்த மாற்றம் யாது என்பதை அறிய வேண்டுமாயின், சண்டிலிப்பாய்க்கு அணித்தான மானிப்பாய்த் தொகுதியின் வரலாற்றையும் ஸ்காபரோவின் ரூஜ் நதிக்கரைத் தொகுதியின் வரலாற்றையும் அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும்.

தொகுதி என்னும் வரம்பு

கனடிய மக்கள் தேர்தற் றொகுதியைப் பேச்சு வழக்கில் ‘ரைடிங்’ என்பர். குதிரைச் சவாரிக்கும் இச்சொல்லுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ‘மூன்றில் ஒரு பங்கு’ எனப் பொருள்படும் பழைய நோர்ஸ் மொழிச் சொல்லின் திரிபு அது. இங்கிலாந்தின் யோர்க்‌ஷயர் நாடு பண்டைக் காலத்திலே வடக்கு, கிழக்கு, மேற்கு என மூன்று ரைடிங்குகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. எமது குடாநாடு வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி எனப் பகுக்கப்பட்டிருப்பதை ஒத்தது அது. அந்த யோர்க்‌ஷயரின் கடற்கரைப் பட்டினங்களுள் ஒன்றே பழைய ஸ்காபரோ. 1793இல் மேல் கனடாவின் துணை ஆளுநராயிருந்த ஜோன் கிரேவ்ஸ் சிம்கோவின் மனைவி எலிசபெத், ஒன்ராறியோ ஏரிக்கரையில் உயர்ந்து நின்ற வெண்மையான செங்குத்துப் பாறைகளைக் கண்டு, அவை அந்தப் பட்டினத்தை நினைவூட்டியமையால், அப்பெயரையே அந்நிலத்துக்கும் வைத்தார்.

தொகுதிகளை வகுப்பதற்கு உலகில் இரண்டு அளவுகோல்கள் உண்டு. ஒன்று தலைக் கணக்கு. மற்றையது நிலக் கணக்கு. தலைக் கணக்கை மட்டும் கொண்டால், சனநெருக்கம் மிக்க நகரங்கள் எல்லா ஆசனங்களையும் அள்ளிச் செல்லும். நிலக் கணக்கை மட்டும் கொண்டால், காட்டுக்கும் கரட்டு நிலத்துக்கும் ஆசனம் கிடைத்து, மக்களுக்குக் கிடையாது போகும். ஆதலால் எல்லா நாடுகளும் இரண்டையும் ஏதோ ஒரு விகிதத்திற் கலந்தே கொள்கின்றன. அந்த விகிதத்தை நிச்சயிப்பதிலேதான் அரசியலின் பெரும்பகுதி அடங்கியிருக்கின்றது.

மானிப்பாய்த் தொகுதி வந்த கதை

இலங்கையின் சட்டநிரூபண சபைக் காலத்திலே வாக்குரிமை என்பது படிப்பும் பொருளும் படைத்த ஆண்களுக்கே உரிய பொருளாயிருந்தது. 1931இல் டொனமூர் அரசியற்றிட்டம் வந்தபோது 21 வயது நிறைந்த ஆண் பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை கிடைத்தது. ஆயின், அத்திட்டம் முழுச் சுயராச்சியத்தை அளிக்கவில்லை என்று கூறி, யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரிக்குமாறு வேண்டியது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்வார் எவருமிலர். 1934 வரையில் அரசாங்க சபையில் அந்த நான்கு ஆசனங்களும் வெறுமையாய்க் கிடந்தன. நாடு முழுவதும் முதன்முறையாக வாக்களித்த அந்த ஆண்டிலே, குடாநாட்டுப் பெண்கள் தமக்குக் கிடைத்த உரிமையைக் கையாளாமலே இருந்தனர்.

பின்னர்ச் சோல்பரி அரசியற்றிட்டம் வந்தது. ஒவ்வொரு மாகாணத்துக்கும் 75,000 மக்களுக்கு ஓர் ஆசனம். அதற்கு மேலாக, 1,000 சதுர மைல் நிலத்துக்கு ஓர் ஆசனம். மேற்கூறிய தலைக் கணக்கும் நிலக் கணக்கும் கலந்த முறை இதுவேயாகும். மக்கள் ஐதாக வாழும் வடக்கு, கிழக்கு முதலிய மாகாணங்களுக்கு நிலக் கணக்கு ஓரளவு கைகொடுத்தது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தெரிவு செய்யப்பட்டோர் 95 பேர். அவர்களுள் குடாநாட்டிலிருந்தும் தீவகத்திலிருந்தும் சென்றோர் 7 பேர். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, வட்டுக்கோட்டை, கோப்பாய், ஊர்காவற்றுறை, பருத்தித்துறை, சாவகச்சேரி என்பனவே அவ்வேழு தொகுதிகள். அப்போது மானிப்பாயின் பெயரால் ஒரு தொகுதி இருக்கவில்லை. எனினும் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராயிருந்த வீ. வீரசிங்கம் அவர்கள் 1952இல் வட்டுக்கோட்டைத் தொகுதியின் அங்கத்தவராய்ப் பாராளுமன்றம் சென்றார். கூட்டுறவு இயக்கத்துக்கு அவர் ஆற்றிய தொண்டின் நினைவாகவே யாழ்ப்பாணத்தில் வீரசிங்கம் மண்டபம் விளங்குகின்றது.

1959இல் எல்லைகள் மீண்டும் வகுக்கப்பட்டன. 1960 மார்ச்சுத் தேர்தலில் உடுவில், நல்லூர், உடுப்பிட்டி, கிளிநொச்சி என்ற புதுப் பெயர்கள் தொகுதிப் பட்டியலில் ஏறின. குடாநாட்டில் 10, கிளிநொச்சி 1 என அன்றைய யாழ்ப்பாண மாவட்டத்துக்கு 11 ஆசனங்கள் ஆயின. உடுவிலிலே தமிழரசுக் கட்சியின் வி. தர்மலிங்கம் அவர்கள் தெரிவாகி, 1960 ஜூலை, 1965, 1970 ஆகிய தேர்தல்களிலும் வெற்றி பெற்றார். 1976இல் நிகழ்ந்த எல்லை நிர்ணயத்தின் பின்னர் உடுவில் என்னும் பெயர் நீங்கி, மானிப்பாய் என்னும் பெயர் வந்தது. 1977 ஜூலையில் நடைபெற்ற தேர்தலிலே தமிழர் விடுதலைக் கூட்டணியின் சார்பில் மானிப்பாய்த் தொகுதியின் அங்கத்தவராகத் தெரிவானவரும் அவரே.

இத்தொகுதியின் வரலாற்றிலே மாணவர் சிந்திக்கற்பாலது ஒன்றுண்டு. தனி அங்கத்தவர் தொகுதி என்ற வகையில் மானிப்பாய் தன் வாழ்நாளில் ஒரேயொரு பொதுத் தேர்தலையே கண்டது. 1978இல் புதிய அரசியலமைப்பு விகிதாசாரப் பிரதிநிதித்துவ முறையைக் கொணர்ந்தது. 1982 டிசம்பரில் நடந்த மக்கள் தீர்ப்பினால் பாராளுமன்றத்தின் ஆயுள் நீடிக்கப்பட்டமையால், 1989 வரையில் பொதுத் தேர்தல் நடைபெறவில்லை. 1983 ஆகஸ்டில் நிறைவேறிய ஆறாவது திருத்தம் விதித்த சத்தியப் பிரமாணத்தைச் செய்ய மறுத்த கூட்டணி அங்கத்தவர்கள் தம் ஆசனங்களை இழந்தனர். 1985 செப்டம்பர் 2ஆம் நாள் தர்மலிங்கம் அவர்களும், கோப்பாய்த் தொகுதியின் அங்கத்தவராயிருந்த மு. ஆலாலசுந்தரம் அவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டனர். வாக்காளர் இருந்தனர், எல்லை இருந்தது, தொகுதியின் பெயரும் இருந்தது. தொகுதியின் சார்பில் எழுந்து பேசுவார் மட்டும் இல்லாமற் போயினர். 1989 முதல் மானிப்பாய் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஓர் உட்பிரிவாக நின்று நிலவுகின்றது. வாக்குகளை எண்ணுவதற்கும் முடிவுகளை வெளியிடுவதற்கும் அப்பெயர் இன்றும் பயன்படுகின்றது. ஆயின் தனக்கென ஓர் அங்கத்தவரை அனுப்பும் உரிமை அதற்கு இல்லை.

ரூஜ் நதிக் கரையிலே

இனி, குடும்பத்தின் மறு பாதி சென்று குடியேறிய நிலத்தை நோக்குவோம்.

ஸ்காபரோ நெடுங்காலம் பண்ணைகளும் பழத்தோட்டங்களும் நிறைந்த நாட்டுப்புறமாகவே இருந்தது. இரண்டாம் உலகப் போரின் பின்னர் ரொறன்ரோ நகரம் தன் எல்லை கடந்து பெருகியபோது, இந்நிலம் வீடுகளாலும் தொழிற்சாலைகளாலும் நிரம்பியது. வடகிழக்கிலுள்ள மல்வேர்ன் என்னும் பகுதியின் பண்ணை நிலங்களை 1950ஆம் ஆண்டுகளில் அரசாங்கம் வீடமைப்புக்காகச் சுவீகரித்தது. எழுபதுகளிலே அங்கு வீடுகள் எழுந்தன. ஸ்காபரோ 1983இல் தனி மாநகரமாகி, 1998 ஜனவரி 1ஆம் நாள் ரொறன்ரோ மாநகரத்துடன் இணைக்கப்பட்டது.

மக்கள் பெருகிய வேகத்துக்குத் தொகுதி எல்லைகள் ஈடுகொடுக்கவில்லை. 1961ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்போது யோர்க்-ஸ்காபரோ என்னும் ஒரே தொகுதியில் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். அதே வேளையில், கியூபெக்கின் மடலேன் தீவுகள் என்னும் தொகுதியில் இருந்தோர் 12,000 பேரளவினரே. இரண்டுக்கும் ஆளுக்கோர் அங்கத்தவர்! தீவுவாசி ஒருவரின் வாக்குக்கு இருந்த பெறுமதி புறநகர்வாசி ஒருவரின் வாக்கினும் இருபது மடங்கு அதிகம் என்பதே இதன் பொருள். அக்காலத்தில் எல்லைகளைத் திருத்தியவர்கள் பாராளுமன்ற அங்கத்தவர்களே. தம் ஆசனத்துக்குத் தாமே வேலியடைக்கும் வேலை எவ்வாறு நடந்திருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1964இல் ஒரு சட்டம் அவ்வதிகாரத்தை அவர்களிடமிருந்து நீக்கியது. பத்தாண்டுக்கு ஒரு முறை குடிசன மதிப்பு முடிந்ததும், ஒவ்வொரு மாகாணத்துக்கும் மூவர் கொண்ட சுயாதீன ஆணைக்குழு அமைக்கப்படும். மாகாணப் பிரதம நீதியரசர் நியமிக்கும் நீதிபதி ஒருவர் பொதுவாக அதற்குத் தலைமை வகிப்பார். ஆணைக்குழு முதலில் ஒரு வரைபடத்தை வெளியிடும். பின்னர் ஊர் ஊராக மக்களின் ஆட்சேபங்களைக் கேட்கும். அதன் பின்னரே முடிவு செய்யும். ஒரு தொகுதியின் சனத்தொகை சராசரியிலிருந்து நூற்றுக்கு 25 பங்கினும் அதிகமாகக் கூடவோ குறையவோ கூடாது என்பது பொது விதி.

இந்த முறையிலே பிறந்ததுதான் ஸ்காபரோ-ரூஜ் நதித் தொகுதி. 1988இல் முதன்முறையாக அதற்குத் தேர்தல் நடந்தது. டெரெக் லீ என்னும் லிபரல் கட்சியினர் அன்று தொட்டு 2011 வரையில் அதன் அங்கத்தவராயிருந்தார். அந்த இருபத்துமூன்று ஆண்டுகளிலேதான் தொகுதியின் முகம் முற்றாக மாறியது.

1986 ஆகஸ்டிலே நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை அந்நாட்டு மீனவர் மீட்டுக் கரை சேர்த்தனர். அதற்கு முன்னும் பின்னும் ஆகாய மார்க்கமாக வந்தோர் அனந்தம். முதலிலே ரொறன்ரோ நகரின் நடுவேயுள்ள சென் ஜேம்ஸ் ரவுன் அடுக்குமாடிகளில் ஒடுங்கி வாழ்ந்தோர், சிறிது பொருள் ஈட்டியதும் ஸ்காபரோவுக்குப் பெயர்ந்தனர். சீனர், கரீபியத் தீவினர், பிலிப்பீனியர், இந்தியர் எனப் பல தேசத்தவரும் அங்கே வந்து சேர்ந்தனர்.

2011 மே 2ஆம் நாள் ஸ்காபரோ-ரூஜ் நதித் தொகுதியிலே புதிய சனநாயகக் கட்சியின் சார்பில் ராதிகா சிற்சபேசன் வெற்றி பெற்றார். யாழ்ப்பாணத்திற் பிறந்து, ஐந்து வயதிற் கனடா சென்ற இவரே, கனடியப் பாராளுமன்றத்தில் ஆசனம் பெற்ற முதல் தமிழர். இவ்வெற்றியின் பெருமையை உணர்வதற்கு ஒரு பழைய செய்தியை நினைவிற் கொள்ளல் வேண்டும். 1931இல் சண்டிலிப்பாய்ப் பெண்ணொருத்திக்குச் சட்டப்படி வாக்குரிமை இருந்தது. அதே ஆண்டில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் வாழ்ந்த இந்திய வமிசத்தவருக்கு அது இல்லை, 1947இலேதான் கிடைத்தது. அந்நாட்டின் ஆதிக்குடிகள் தமது தனி அந்தஸ்தை இழக்காமல் வாக்களிக்க 1960 வரையில் காத்திருக்க நேர்ந்தது.

தொகுதி மேலும் பெருகியது. 2006ஆம் ஆண்டிலேயே 130,000 அளவினர் அங்கே வாழ்ந்தனர். 2012இல் எல்லைகளைத் திருத்திய ஆணைக்குழு ஒன்ராறியோ மாகாணத்துக்குக் கொண்ட சராசரியோ 106,213. ஆகவே ஸ்காபரோ-ரூஜ் நதித் தொகுதி கலைக்கப்பட்டது. அதன் ஒரு பகுதி ஸ்காபரோ வடக்கு என்னும் தொகுதியாயிற்று; மற்றொரு பகுதி அயல் தொகுதிகளின் பாகங்களுடன் சேர்ந்து ஸ்காபரோ-ரூஜ் பார்க் ஆயிற்று. ரூஜ் வனமும், ரொறன்ரோ மிருகக்காட்சிச்சாலையும், ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகமும், மல்வேர்ன் குடியிருப்பும் அடங்கிய தொகுதி அது. அங்கே ஆங்கிலத்துக்கு அடுத்தபடியாக மிகுதியானோர் தாய்மொழி எனக் கூறியது தமிழ். எனினும் தமிழர் அத்தொகுதியில் பெரும்பான்மையினர் அல்லர் என்பதை மறத்தலாகாது.

2015 அக்டோபர் 19ஆம் நாள் அத்தொகுதியின் முதல் அங்கத்தவராக லிபரல் கட்சியின் கரி ஆனந்தசங்கரி தெரிவானார். இவர் தந்தையார் வீ. ஆனந்தசங்கரி அவர்கள் 1970 முதல் 1983 வரையில் எமது கிளிநொச்சித் தொகுதியின் அங்கத்தவராயிருந்தவர். தந்தை வன்னி மண்ணின் ஒரு தொகுதிக்கும், மைந்தர் ஒன்ராறியோ ஏரிக்கரையின் ஒரு தொகுதிக்கும் பிரதிநிதிகள்! குடிபெயர்வின் கதையை இதனினும் சுருக்கமாகச் சொல்ல இயலாது. மைந்தர் கொண்டுவந்த பிரேரணையின்படியே, ஜனவரி மாதத்தைத் தமிழர் மரபுத் திங்களாக 2016 அக்டோபரில் கனடியப் பாராளுமன்றம் ஏற்றது. 2023இல் அவர் மந்திரிசபையிலும் இடம் பெற்றார்.

இதனாலே, தமிழர் நின்றால் தமிழர் வாக்களிப்பர், வெற்றி நிச்சயம் என்று எண்ணிவிடல் வேண்டா. அதே 2015ஆம் ஆண்டுத் தேர்தலில் ராதிகா சிற்சபேசன் ஸ்காபரோ வடக்கிலே தோல்வியுற்றார். பல தேசத்தவர் கலந்து வாழும் தொகுதியிலே, எல்லோருடைய வீட்டு வாடகையையும் வேலையையும் வீதிப் போக்குவரத்தையும் பற்றிப் பேசுபவரே வெல்ல முடியும். புறநகர்த் தொகுதியின் அமைப்பு தன் அங்கத்தவருக்குக் கற்பிக்கும் பாடம் இது.

இரண்டு நாட்டுக் கணக்கு

இவ்விரு வரலாறுகளையும் இணைக்கும் கணக்கை இனிக் காண்போம். கனடாவிலே தொகுதி வகுக்கும்போது எண்ணப்படுவோர் அங்கு வாழும் மக்கள் அனைவரும் ஆவர். வாக்களிப்பவர் 18 வயது நிறைந்த பிரஜைகளே. ஆயின் தொட்டிலில் உறங்கும் குழந்தையும், நேற்று வந்திறங்கிய அகதியும் குடிசன மதிப்பில் ஒவ்வொரு தலையாகவே எண்ணப்படுவர். இலங்கையிலோ 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி, மாவட்டங்களுக்கு ஆசனங்களைப் பங்கிடும்போது பெரும்பான்மையானவை வாக்காளர் இடாப்பிலுள்ள பெயர்களைக் கொண்டே பங்கிடப்படுகின்றன. மாவட்டங்களுக்கு உரிய 196 ஆசனங்களுள் 160 இவ்வகையின. மாகாணத்துக்கு நான்காக வரும் 36 ஆசனங்கள் எஞ்சியவை. இடாப்பில் இல்லாதவர், ஆசனக் கணக்கைப் பொறுத்தவரையில், இல்லாதவரே.

ஓர் உதாரணம் கொள்வோம். சண்டிலிப்பாயில் ஒரு குடும்பம். தாய், தந்தை, வயது வந்த ஆண்மக்கள் இருவர்; ஆக நான்கு வாக்காளர். மக்கள் இருவரும் கனடா சென்று, அங்கே மணமுடித்து, ஆளுக்கு இரண்டு பிள்ளைகள் பெற்றனர் என்க. இங்கே நான்காயிருந்த பெயர்கள் இரண்டாயின. அங்கே ஸ்காபரோவின் கணக்கில் சேர்ந்தோர், மனைவியரையும் பிள்ளைகளையும் கூட்ட, எண்மர். இங்கே இரண்டு கழிய, அங்கே எட்டுக் கூடுகின்றது! நான்கு பேரப் பிள்ளைகளும் சண்டிலிப்பாயிலேயே பிறந்திருப்பின், 18 வயது வரும்வரை இங்குள்ள ஆசனக் கணக்கில் அவர்களுக்கு இடமிருந்திராது.

இக்கணக்கு பல்லாயிரம் வீடுகளில் நிகழ்ந்தால் என்னாகும்? கிளிநொச்சியையும் உள்ளடக்கிய யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் விகிதாசார முறையின் முதல் தேர்தலான 1989இலே 11 அங்கத்தவரை அனுப்பியது. 1994இல் அது 10 ஆயிற்று. அவ்வாண்டுத் தேர்தலில், போர்ச் சூழல் காரணமாக, இடாப்பிலிருந்த ஏறத்தாழ ஆறு இலட்சம் பேருள் நூற்றுக்கு மூவர்கூட வாக்களிக்கவில்லை. 2000இல் ஆசனங்கள் 9 ஆயின. 2010இலும் அவை 9 ஆகவே இருந்தன. அப்போது இடாப்பிற் காணப்பட்ட பெயர்கள் 721,359. போர்க்காலத்திலே நாட்டை விட்டும் ஊரை விட்டும் சென்றவர்களின் பெயர்களும் அதில் நிலைத்திருந்தன. இடாப்புத் திருத்தப்பட்டதும் உண்மை வெளியாயிற்று. 2015இல் வாக்காளர் 529,239, ஆசனங்கள் 7. ஒரே தேர்தல் இடைவெளியில் இரண்டு குரல்கள் ஒடுங்கின.

இதன் பின்னர் நிகழ்ந்ததுதான் நோக்கற்பாலது. 2020இல் வாக்காளர் 571,848 ஆக ஏறினர். ஆசனங்கள் 7 ஆகவே நின்றன. 2024இல் வாக்காளர் 593,187 ஆக மேலும் ஏறினர். ஆசனங்களோ 6 ஆகக் குறைந்தன! கூடியும் குறைவானேன்? 160 ஆசனங்களும் எல்லா மாவட்டங்களுக்கும் விகிதப்படி பங்கிடப்படுகின்றன. நாம் ஒரு படி ஏறுகையில் பிறர் இரண்டு படி ஏறினால், நம் பங்கு சுருங்கும். பந்தியிலே சோறு அதே அளவாயிருக்க, வந்தமர்ந்தோர் பெருகினால், முன்னிருந்தோரின் இலையில் விழும் அகப்பைகள் குறைவது போன்றது இது.

இந்நியதி எமக்கு மட்டும் உரியதன்று. அண்மைய எல்லை நிர்ணயத்திலே ரொறன்ரோ மாநகரமும் ஓர் ஆசனத்தை இழந்தது. 2016இல் 2,731,571 ஆயிருந்த அதன் சனத்தொகை 2021இல் 2,794,356 ஆக உயர்ந்தது. ஆயினும் மாகாணத்தின் ஏனைய பகுதிகள் அதனினும் விரைந்து வளர்ந்தமையால், 25 தொகுதிகள் 24 ஆயின. ரூஜ் பார்க் தொகுதியும் உருமாறி, ஸ்காபரோ-கில்ட்வூட்-ரூஜ் பார்க் என்ற நீண்ட பெயருடன் 2025 ஏப்ரல் தேர்தலைச் சந்தித்தது. கரி ஆனந்தசங்கரியே மீண்டும் தெரிவானார். அதே தேர்தலில், ரொறன்ரோவுக்குக் கிழக்கேயுள்ள பிக்கரிங்-புரூக்ளின் தொகுதியிலே யுவனீத்தா நாதன் என்னும் தமிழ்ப் பெண்மணியும் வெற்றி பெற்றார். நகர நடுவிலிருந்து ஸ்காபரோவுக்குப் பெயர்ந்த தமிழர், இப்போது ஸ்காபரோவுக்கும் அப்பாலுள்ள ஊர்களில் வீடு வாங்குகின்றனர். அவர்கள் போகும் வழியிலே ஆசனமும் போகின்றது.

எஞ்சியோர் செய்யத்தக்கது

சென்றோரைக் குறை கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. உயிருக்கு அஞ்சிச் சென்றோரும் கல்விக்கும் பிழைப்புக்குமாகச் சென்றோரும் தத்தம் காரணத்தை அறிவர். அவர்கள் அனுப்பிய பணத்திலே எழுந்த வீடுகளும் கோபுரங்களும் பள்ளிக்கூடக் கட்டடங்களும் எம் கண் முன்னே நிற்கின்றன. ஆயின், பணத்தை அனுப்பலாம். இடாப்பிலே ஒரு பெயரை அனுப்ப முடியாது. வெளிநாட்டிலிருந்தவாறே வாக்களிக்கும் வசதி இலங்கையின் 2024ஆம் ஆண்டுத் தேர்தல்களிலும் இருக்கவில்லை. இரட்டைப் பிரஜாவுரிமை உடையோர் பாராளுமன்ற அங்கத்தவராதலை 2022இல் வந்த இருபத்தோராவது திருத்தம் தடை செய்கின்றது. ஆகவே இங்குள்ள ஆசனங்களைக் காப்பவர் இங்கு வாழ்வோரே.

அதற்கு வீர வசனங்கள் வேண்டியதில்லை. ஆண்டுதோறும் கிராம அலுவலர் மூலம் வீட்டுக்கு வரும் படிவத்தைப் பொறுப்புடன் நிரப்பிக் கொடுத்தல் ஒன்று. பதினெட்டு வயது நிறைந்த மகனின் பெயரும் மகளின் பெயரும் அதில் ஏறியுள்ளனவா என்று பார்த்தல் இரண்டு. பல்கலைக்கழகத்துக்கும் கொழும்புக்கும் சென்றுள்ள பிள்ளைகளின் பெயர் எங்கேனும் ஓரிடத்தில் உள்ளதா என்று உறுதி செய்தல் மூன்று. இடாப்புக் காட்சிக்கு வைக்கப்படும் காலத்திலே சென்று பார்த்தல் நான்கு. ஒரு வீட்டிலே ஒரு பெயர் விடுபடுவது சிறிய காரியமாகத் தோன்றலாம். பங்கீட்டிலே கடைசி ஆசனம் மிச்சக் கணக்கைக் கொண்டே நிச்சயிக்கப்படுவது. அந்த மிச்சமோ இத்தகைய சிறு காரியங்களின் கூட்டுத்தொகை.

மாணவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. தத்தம் ஒழுங்கையிலுள்ள வீடுகளை எண்ணி, இருபது ஆண்டுகளுக்கு முன் அங்கே வாழ்ந்தோர் எத்தனை பேர், இன்று வாழ்வோர் எத்தனை பேர், அவர்களுள் இடாப்பிற் பெயர் உள்ளோர் எத்தனை பேர் என்று பெற்றோரையும் பேரரையும் கேட்டு ஒரு பட்டியல் எழுதுக. பூட்டிய வீடுகளையும் சேர்த்து எழுதுக. குடியியற் பாடப் புத்தகத்திற் காணாத பல செய்திகளை அந்த ஒரு தாள் கற்பிக்கும். எல்லை நிர்ணய ஆணைக்குழு ஒன்று மீண்டும் மக்களின் கருத்தைக் கேட்க வருமாயின், அத்தகைய பட்டியலைக் கையில் வைத்திருக்கும் ஊரே தன் வழக்கைத் தெளிவாக எடுத்துரைக்க வல்லதாகும்.